தெற்கு பார்த்த வீடு வேணாம் கண்ணு

கண்ணு,

ஃபோன்ல சொன்னா பாதியிலயே "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சுடுவ, அதான் மெயில்ல போடறேன். குட்டி தூங்கினதுக்கு அப்புறம் நிதானமா படி. முதல்ல அவசரமான விஷயம். போன ஞாயித்துக்கிழமை நான் சொன்னேன்ல, புது வீடு பாக்கறப்ப தெற்கு பார்த்த ஹாலா பாரு, குளிர்காலத்துல வெயில் ஜம்முனு உள்ள வரும்னு, அது தப்பு. உங்க மெல்போர்னுக்கு அது அப்படியே தலைகீழ். அட்வான்ஸ், நீ என்னவோ பாண்டுன்னு சொல்றியே, அதை இன்னும் குடுக்கலைன்னா குடுக்காத.

எப்படி தெரிஞ்சுதுன்னா எல்லாம் உன் பொண்ணாலதான். அன்னிக்கு நீ ஃபோனை அவகிட்ட குடுத்துட்டு போனியே, அப்ப கேட்டா, "பாட்டி, நீங்க ஏன் ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க, நாங்க பீச்சுக்கு போறோமே"ன்னு. நானும் பெரிய மேதாவி மாதிரி, நீங்க இப்ப சூரியனுக்கு பக்கத்துல இருக்கீங்க, நாங்க தூரத்துல இருக்கோம், அதான்னு சொல்லிட்டேன். அவ ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "ஆனா பாட்டி, நம்ம ரெண்டு பேரும் ஒரே எர்த்துலதானே இருக்கோம்"னா. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஒரே உருண்டை, அது சூரியன் பக்கத்துல போனா உனக்கும் சுடணும் எனக்கும் சுடணும், அதெப்படி உனக்கு மட்டும் சுடும். ஆறு வயசுக்கு தோணினது எனக்கு அறுபத்தி மூணுல தோணலை பாரு.

அப்புறம் நானும் அப்பாவும் உக்காந்து தேடித்தேடி படிச்சோம். படிச்சா இன்னும் கூத்து. பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்றது எப்ப தெரியுமா, ஜனவரி முதல் வாரத்துல, இங்க டெல்லியில நாம ரஜாய் போர்வைக்குள்ள சுருண்டுகிட்டு பல்லு கிட்டிச்சு கெடக்கறப்ப. அப்ப தூரம் 14.7 கோடி கிலோமீட்டர். ரொம்ப தூரம் போறது ஜூலை முதல் வாரத்துல, 15.2 கோடி. அம்பது லட்சம் கிலோமீட்டர் வித்தியாசம்னு கேட்டா பெருசா தெரியுது, ஆனா மொத்தத்துல மூணு பர்சன்ட்டுதான், அதனால வர்ற வெயில்ல ஏழு பர்சன்ட் கூடும் குறையும் அவ்வளவுதான். எனக்கு இந்த தப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, நான் படிச்ச பள்ளிக்கூட புஸ்தகத்துல பூமி சுத்தற பாதைய கோழிமுட்டை மாதிரி நீளமா போட்டிருப்பாங்க. நெஜத்துல அதை பேப்பர்ல சின்னதா வரைஞ்சா வட்டத்துக்கும் அதுக்கும் வித்தியாசமே கண்ணுக்கு தெரியாதாம். அந்த ஒரு படம் அம்பது வருஷமா என் மண்டையில உக்காந்துட்டு இருந்திருக்கு.

விஷயம் தூரத்துல இல்ல, சாய்வுல இருக்கு. பூமி நேரா நின்னு சுத்தலை, 23.4 டிகிரி சாஞ்சுதான் சுத்துது, இது எல்லாரும் படிச்சதுதான், நானும் இருபத்தி மூணரைன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேன். ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு அப்பா செஞ்சு காட்டினப்பதான் புரிஞ்சுது, அதுவும் அவர் முதல்ல தப்பா செஞ்சதாலதான். ஹால் நடுவுல ஸ்டூல் போட்டு டேபிள் லேம்ப் வெச்சாரு, அது சூரியன். ஒரு ஆரஞ்சுப் பழத்துல ஏத்தாத ஊதுபத்திய மேல இருந்து கீழ வரைக்கும் குத்தினாரு, அது பூமி, ஊதுபத்தி அச்சு. மங்கி கேப்போட அதைக் கையில ஏந்திகிட்டு லேம்ப்ப சுத்தி வந்தாரு. ஆனா அவர் உடம்பு திரும்பத் திரும்ப ஊதுபத்தியும் கூடவே திரும்புது, எப்பவும் லேம்ப்பு பக்கமே சாஞ்சிருக்கு. அப்படி இருந்தா டெல்லிக்கு வருஷம் பூரா மே மாசம்தான், உனக்கு வருஷம் பூரா ஜூன்தான்! நான் சொன்னேன், ஊதுபத்திய ஃபிரிட்ஜ் பக்கம் சாய்ச்சு வெச்சுக்குங்க, நீங்க எங்க போனாலும் அது ஃபிரிட்ஜையே பாக்கணும். அதுதான் துருவ நட்சத்திரம்னு வெச்சுக்கோ. மறுபடி மெதுவா நண்டு மாதிரி பக்கவாட்டுல நகர்ந்து வந்தாரு. ஃபிரிட்ஜுக்கு எதிர்ப்பக்கம் சோபாகிட்ட நின்னப்ப பழத்தோட மேல்பாதி லேம்ப்ப பாத்து சாஞ்சிருக்கு, அது ஜூன். அப்படியே சுத்தி ஃபிரிட்ஜ் பக்கம் போனப்ப அதே மேல்பாதி லேம்ப்ப விட்டு விலகி, கீழ்பாதி வெளிச்சத்துக்கு வந்துடுச்சு, அது இப்ப, டிசம்பர். பழம் ஆடவே இல்ல, சாய்வு மாறவே இல்ல, இடம்தான் மாறிச்சு. கீழ்பாதியில நீ இருக்க, மேல்பாதியில நான் இருக்கேன்.

சாஞ்சா என்ன, கொஞ்சம் கிட்ட வருது அதான் சுடுதுன்னு திரும்பியும் தூரக் கணக்குக்கு போயிடாத, நான் போனேன். சாய்வால கூடற குறையற தூரம் சில ஆயிரம் கிலோமீட்டர்தான், 15 கோடிக்கு முன்னாடி அது தூசு. சாயறதால ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, வெயில் விழற கோணம். இதை உனக்கு தோசையில சொன்னாதான் புரியும். ஒரே கரண்டி மாவுதான், ஊத்தப்பமா விட்டா கனமா நிக்கும், அதையே பேப்பர் ரோஸ்ட்டா இழுத்தா மெல்லிசா பரவிடும். வெயிலும் அப்படித்தான். டெல்லியில ஜூன் 21 மத்தியானம் சூரியன் 85 டிகிரி உசரத்துல, கிட்டத்தட்ட உச்சந்தலையில நிக்குது, வெயில் ஊத்தப்பம். டிசம்பர் 21, 22ல அதே மத்தியானம் 38 டிகிரிதான், சரிஞ்சு வர்றதால ஒரு சதுர அடிக்கு விழ வேண்டிய வெயில் ஒண்ணரை அடிக்கும் மேல இழுபட்டு பரவிடுது. ரெண்டாவது, பகலோட நீளம். இப்ப இங்க ஏழு பத்துக்குதான் சூரியன் எட்டிப்பாக்குது, அஞ்சரைக்கு இருட்டு, மொத்தம் பத்தே கால் மணி சொச்சம்தான் பகல். ஜூன்ல பதினாலு மணி நேரம். ரெண்டையும் சேர்த்து கணக்கு போட்டா ஜூன்ல ஒரு நாளைக்கு நம்ம தலைமேல வர்ற வெயில் டிசம்பர்ல வர்றத விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அந்த ஏழு பர்சன்ட் இதுக்கு முன்னாடி எந்த மூலைக்கு!

சென்னையில சித்தி டிசம்பர்ல ஃபேன் போட்டுகிட்டு "உங்க டெல்லி குளிரெல்லாம் சும்மா அலட்டல்"ங்கறாளே, அவளுக்கும் இதுல பதில் இருக்கு. சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு, அங்க டிசம்பர்லயும் சூரியன் 53 டிகிரிக்கு ஏறிடும், பகலும் ஜூனுக்கும் டிசம்பருக்கும் ஒண்ணரை மணி நேரம்தான் வித்தியாசம். ஏப்ரல் கடைசி வாரத்துல ஒரு நாள், ஆகஸ்ட் நடுவுல ஒரு நாள் சூரியன் அங்க நேர் உச்சிக்கு வந்து நிழலே காணாம போயிடும், நிழலில்லா நாள்னு பள்ளிக்கூடத்துல பசங்கள வெச்சு குச்சி நட்டு பாக்கறாங்களே அது. டெல்லி கடகரேகைக்கு வடக்கால இருக்கறதால நமக்கு அந்த நாளே கிடையாது, எவ்வளவு கொளுத்தினாலும் மத்தியானத்துல துளியூண்டு நிழலாவது வடக்கால விழுந்துதான் ஆகும்.

இப்ப வீட்டு விஷயத்துக்கு வர்றேன். இந்த மயூர் விஹார் வீட்ட நாங்க வாங்கினப்ப தெற்கு பார்த்ததுன்னு ஒருத்தரும் சீந்தலை, எமன் திசைன்னு பயம். அதனாலயே விலை படிஞ்சுது. முதல் குளிர்காலத்துலதான் தெரிஞ்சுது நமக்கு அடிச்ச லாட்டரி. ரெண்டடி டைல்ஸ் போட்டிருக்கோம்ல, இப்ப பன்னெண்டே கால், பன்னெண்டரைக்கு பால்கனி கதவு வழியா வர்ற வெயில் உள்ள நாலாவது டைல்ஸ் முடியற வரைக்கும் வந்து நிக்குது. உனக்கு ஞாபகம் இருக்கா, பிரீபோர்டுக்கு படிக்கறப்ப அந்த வெயில் நகர நகர நீயும் நாற்காலிய இழுத்துகிட்டே போவ, மூணு மணிக்கு சுவத்துல முட்டிகிட்டு உக்காந்திருப்ப. வேர்க்கடலை தோல் மட்டும் நீ போன பாதைய காட்டிட்டு கெடக்கும். ஜூன்ல அதே கதவு, அதே நேரம், வெயில் உள்ள ஒரு அங்குலம் கூட வராது, மேல இருக்கற ஒரு அடி சன்ஷேடே தடுத்துடும். சூரியன் நெட்டுக்குத்தலா மேல போயிடுதே, எப்படி உள்ள வரும். குளிர்ல உள்ள விட்டு வெயில்ல வெளிய நிறுத்தற வீடு, ஏசி காரன் கூட இவ்வளவு அறிவா செய்யமாட்டான்.

ஆனா இதெல்லாம் நாம வடக்குப் பாதியில இருக்கறதால. நமக்கு மத்தியான சூரியன் தெற்கால நிக்கும், உனக்கு வடக்கால நிக்கும். நம்பலைன்னா நாளைக்கே வெளிய போய் பாரு, உங்களுக்கு இப்ப கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருக்கறதால உச்சிவேளை ஒண்ணு இருபது வாக்குல வரும், அப்ப உன் நிழல் தெக்கு பாத்து விழும். சூரியனப் பாத்து நின்னா அது வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கம் போகும், நம்ம ஊர்ல இடத்துலேர்ந்து வலம். மூணு வருஷமா அங்க இருக்க, கவனிச்சிருக்கியா? நானும்தான் ரெண்டு மாசம் வந்து இருந்தேன், ராத்திரி நிலா தலைகீழா இருக்குன்னு மட்டும் பாத்தேன், பகல்ல துணி காயப்போடறதுலயே போயிடுச்சு.

அதனால வடக்கு பார்த்த ஹாலா எடு. உங்க ஜூன்ல மத்தியான சூரியன் 29 டிகிரிக்கு மேல ஏறாது, பகலும் ஒம்பதரை மணி நேரம்தான், கெடைக்கற கொஞ்ச வெயிலும் வடக்கு ஜன்னல் வழியாதான் வரும், அதுவும் தாழ்வா வர்றதால பத்து பன்னெண்டு அடி உள்ள வரைக்கும் வந்து குட்டி விளையாடற இடம் பூரா நனைக்கும். தெற்கு பார்த்த ரூம்ல குளிர்காலம் முழுக்க வெயிலே விழாது, சுவரெல்லாம் ஓதம் அடிக்கும், ஹீட்டர் பில்லுதான் ஏறும். எதிர்ல வடக்குப் பக்கம் உசந்த பில்டிங்கோ பெரிய மரமோ இல்லாம பாரு, இப்ப சூரியன் 75 டிகிரில மேல இருக்கறதால இடைஞ்சலா தெரியாது, ஜூன்ல அப்படியே மறைச்சுடும். வீட்ட இப்ப பாத்துட்டு ஏமாறாத. மேற்கு ஜன்னல் பெருசா இருந்தா யோசி, உங்க பதினாலே முக்கால் மணி நேர பகல்ல சாயங்கால வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். உன் மாமியார் வாஸ்து பாப்பாங்களேன்னு கவலைப்படாத, வடக்கு குபேரன் திசை, சந்தோஷமா ஒத்துப்பாங்க. காரணத்த நீ சொல்லவே வேணாம்.

மாப்பிள்ளை ஒண்ணு கேட்டாராமே, டிசம்பர் 22தான் குறைஞ்ச பகல்னா ஜனவரியில ஏன் குளிர் இன்னும் ஜாஸ்தின்னு. அதுக்கு அப்பா அக்கவுன்ட்ஸ் ஆளா பதில் சொன்னாரு. வரவு டிசம்பர் கடைசியில அடிமட்டத்துக்கு போய் அப்புறம் ஏற ஆரம்பிக்குது, ஆனா பூமி ராத்திரியெல்லாம் வெளிய விடற சூடு, அதான் செலவு, இன்னும் சில வாரத்துக்கு வரவ விட அதிகம், அப்ப பாங்க் பாலன்ஸ் குறைஞ்சுகிட்டேதானே போகும்னாரு. உங்க ஊர்லயும் இதே கணக்குதான், ஜூன்ல குறைஞ்ச பகல், ஜூலையிலதான் நல்ல குளிர். இங்க வெயில் காலத்துல மட்டும் இந்தக் கணக்கு முழுசா ஓடாது, லூங்கற அனல்காத்து அடிச்சு கொளுத்திட்டு இருக்கறப்பவே ஜூன் கடைசியில மழை வந்து குடைய பிடிச்சுடும்.

இன்னொண்ணு, இது எனக்கு தனியா உறைச்ச விஷயம். பொங்கலன்னிக்கு உத்தராயணம் பொறந்தாச்சு, சூரியன் வடக்க திரும்பிடுச்சுன்னு வருஷா வருஷம் சொல்லி சூரியனுக்கு படைக்கறோமே, சூரியன் நெஜமா திரும்பறது டிசம்பர் 21, 22லயே. பூமியோட அச்சு பம்பரம் ஓயறப்ப தலைய சுத்துமே அந்த மாதிரி ரொம்ப மெதுவா, ஒரு சுத்துக்கு 26,000 வருஷம் எடுத்துகிட்டு சுத்துதாம். நம்ம பஞ்சாங்கம் நட்சத்திரத்த வெச்சு மாசம் கணக்கு போடறதால எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகிகிட்டே வந்து, சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னாடி ஒரே நாளா இருந்தது இப்ப மூணு வாரத்துக்கு மேல தள்ளிப் போயிடுச்சு. அதுக்காக பொங்கல மார்கழியில வெக்கவா முடியும், அரிசியும் கரும்பும் வர்றப்பதான் பொங்கல். கோயில்ல குருக்கள்கிட்ட இதைச் சொல்லிடாதீங்கன்னு அப்பாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். போய் சொல்லிட்டு வந்துட்டாரு.

குட்டிகிட்ட பாட்டி தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிடு. அவளுக்கு ஒரு வேலை குடு, புது வீட்டுக்கு போனதும் ஹால் தரையில மத்தியான வெயில் எது வரைக்கும் வருதுன்னு மாசம் ஒரு நாள் சாக்பீஸால கோடு போடட்டும், நானும் இங்க டைல்ஸ்ல போடறேன். அவ கோடு ஜூன் வரைக்கும் உள்ள உள்ள போகும், என் கோடு வெளிய வெளிய வரும். ஏப்ரல்ல கடிகாரத்த திருப்பி வெச்சப்புறம் அவ பன்னெண்டு இருபதுக்கு போடணும், மறந்துடப் போறா.

வீட்டு ஃபோட்டோ அனுப்பறப்ப கூடவே காம்பஸ் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பு. அந்த ரெண்டாவது ஃப்ளாட், கிச்சன் பெருசுன்னு உனக்கு பிடிச்சுதே, அது எந்தப் பக்கம்னு நீ சொல்லவே இல்ல.

அப்பா அந்த பூமிய உரிச்சு தின்னுட்டாரு, தெற்குப் பாதிய எனக்கு குடுத்தாரு. மல்லிகை ஊதுபத்தி வாசனை, வாயில வெக்க முடியலை.

அம்மா