உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். எடிட்டிங் பற்றி இவருக்கு என்ன தெரியப்போகிறது, எழுத்துப்பிழை பார்த்துத் தரட்டும் என்றுதான் அனுப்பியிருப்பாய். ஆனால் நீ எடுத்துக்கொண்டது 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்'. தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்றவனிடம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் சும்மா இருப்பானா? தேடிப் பார்த்தேன், அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உன் இரண்டாவது பத்தி தப்பு.

அதைச் சொல்வதற்கு முன்னால் படத்தைப் பற்றிக் கொஞ்சம். எடிசன் கம்பெனிக்காக எட்வின் எஸ். போர்ட்டர் 1902 கடைசியில் எடுத்து, 1903 ஜனவரியில் வெளியிட்டது. ஆறு நிமிஷம் ஓடுகிறது. எனக்குப் பிடித்த இடம் அந்த அலாரப் பெட்டி. திரை முழுக்கப் பெட்டி மட்டும்தான். ஒரு கை வந்து கதவைத் திறந்து விசையை இழுக்கிறது. யாருடைய கை, எந்தத் தெரு, ஒன்றும் கிடையாது. எங்களுக்கு அழைப்பு வருவதும் அப்படித்தான். பதறுகிற ஒரு குரல் வரும், முகம் தெரியாது. அடுத்த ஷாட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து, ஒவ்வொருவராகக் கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்குகிறார்கள். கீழே குதிரைகள் ஓடிவந்து வண்டியில் பூட்டப்படுகின்றன. அப்புறம் வண்டிகள் ஓடுகின்றன, ஓடிக்கொண்டே இருக்கின்றன. நியூ ஜெர்ஸியின் நிஜத் தீயணைப்புப் படைகளை ஓடவிட்டு எடுத்திருக்கிறார் போர்ட்டர். ஒரு படுக்கையறைத் தீக்கு இத்தனை வண்டியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இனி உன் விஷயம். அறைக்குள் புகை. அம்மாக்காரி எழுந்து ஜன்னலுக்கு ஓடி, மயங்கி விழுகிறாள். ஒரு வீரர் கதவை உடைத்துக்கொண்டு வந்து, ஜன்னலையும் உடைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஏணி வழியாக இறங்குகிறார். திரும்ப ஏறி வந்து கட்டிலில் இருக்கும் குழந்தையை எடுத்துப் போகிறார். கடைசியில்தான் ஹோஸ் பைப்போடு ஆட்கள் உள்ளே வருகிறார்கள். (தண்ணீர் கைக்கு வருமுன் ஜன்னலை உடைத்தால் காற்று கிடைத்துத் தீ பொங்கும். எங்கள் பயிற்சி மைதானத்தில் இதைச் செய்திருந்தால் நாள் முழுக்கத் திட்டு விழுந்திருக்கும்.) இவ்வளவும் ஒரே ஷாட், உள்ளிருந்து. இது முடிந்ததும் கேமரா தெருவுக்கு வருகிறது. அதே பெண் ஜன்னலில் நின்று கையை ஆட்டுகிறாள். அதே வீரர் வாசல் வழியாக நுழைகிறார். ஏணி சாத்துகிறார்கள், அவளை இறக்குகிறார்கள். மயக்கம் தெளிந்தவள் குழந்தை, குழந்தை என்று கெஞ்சுகிறாள். அவர் மறுபடி மேலே ஏறுகிறார். மொத்த மீட்பும் முதலில் உள்ளே, பிறகு வெளியே என்று இரண்டு தடவை நடக்கிறது.

நீயோ, போர்ட்டர் உள்ளேயும் வெளியேயுமாக மாற்றி மாற்றி வெட்டினார், இப்படி இரண்டு இடத்தை மாற்றி மாற்றிக் காட்டும் கிராஸ் கட்டிங் இந்தப் படத்தில்தான் பிறந்தது என்று எழுதியிருக்கிறாய். நீ பார்த்த பிரதி அப்படித்தான் இருந்திருக்கும், உன்னைக் குறை சொல்ல முடியாது. 1940களில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த பிரதி அது. பின்னாளில் யாரோ, அந்தக் கால ரசனைக்கு ஏற்ப, இரண்டு ஷாட்டையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது. அதை நம்பிப் பெரிய பெரிய சினிமா வரலாற்றாசிரியர்களே ஏமாந்திருக்கிறார்கள். வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் இருந்த காகிதப் பிரதியில் இரண்டும் தனித்தனியாக, முழுசாக இருந்தன. 1970களின் இறுதியில் சினிமா ஆய்வாளர்கள் சார்ல்ஸ் மஸ்ஸரும் ஆந்த்ரே கோத்ரோவும் அதை வைத்து ஆராய்ந்து எழுதிய பிறகு விவாதம் அநேகமாக முடிந்துவிட்டது.

சினிமாவுக்குக் காகிதப் பிரதியா என்று எனக்கும் தோன்றியது. 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமா என்ற வகையே கிடையாது, புகைப்படத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. அதனால் கம்பெனிகள் படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் (ஃபிரேம்) நீளமான காகிதச் சுருளில் அச்சடித்து, 'இவை புகைப்படங்கள்' என்று பதிவு செய்துவிட்டன. அப்படிச் சேர்ந்தவை 3,000-க்கும் மேல். 1950களில் கெம்ப் நைவர் என்பவர் அந்தக் காகிதங்களைக் கட்டம் கட்டமாகத் திரும்பப் படமெடுத்து ஃபிலிமுக்கு மாற்றத் தொடங்கினார். அன்றைய நைட்ரேட் ஃபிலிம் என்னவோ எங்கள் ஆட்களுக்குச் சிம்ம சொப்பனம். பற்றிக்கொண்டால் தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே கக்கும், தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். 1914 டிசம்பரில் எடிசனின் வெஸ்ட் ஆரஞ்சு தொழிற்சாலையில் பெரும்பகுதி எரிந்துபோனதும் ஃபிலிம் கட்டடத்தில் ஆரம்பித்த தீயால்தான். ஃபிலிம் எரிந்துபோன உலகத்தில் காகிதம் மிஞ்சியிருக்கிறது, பார்!

சரி, போர்ட்டர் ஏன் அப்படிச் செய்தார்? வெட்டத் தெரியாமல் அல்ல. அவர் படம் ஓட்டும் ஆபரேட்டராக ஊர் ஊராகச் சுற்றியவர், ஜனங்கள் எதை எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அன்றைய ரசிகனுக்கு ஒரு ஷாட் என்றால் அது ஒரு முழுக் காட்சி, தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். பிரெஞ்சு இயக்குநர் மெலியஸ் 1902-இல் எடுத்த நிலவுப் பயணப் படத்தைப் பார். ராக்கெட் நிலாவின் கண்ணில் போய்க் குத்துகிறது. அடுத்த ஷாட்டில் அதே ராக்கெட் நிலாவில் மறுபடி வந்து இறங்குகிறது. ஒருத்தரும் குழம்பவில்லை. போர்ட்டரின் படத்திலேயே, மாடியில் எல்லோரும் கம்பத்தில் இறங்கி முடித்த பிறகு, கீழே காட்டும்போது கம்பம் காலியாக இருக்கிறது. கொஞ்சம் கழித்துத்தான் ஆட்கள் வழுக்கி வருகிறார்கள்.

எனக்கு இந்தப் பழைய வடிவம்தான் சரியாகப் படுகிறது. தீ விபத்து முடிந்ததும் அறிக்கை எழுதுவோம் அல்லவா? உள்ளே போனவர் சொல்வதைத் தனியாக எழுதுவோம், வெளியே பம்ப் பார்த்தவர் சொல்வதைத் தனியாக எழுதுவோம். நேரம் ஒன்றுதான். உள்ளே இருப்பவருக்கு வெளியே ஏணி வைத்தாயிற்றா என்று தெரியாது. வெளியே நிற்பவருக்கு உள்ளே ஆள் கிடைத்ததா என்று தெரியாது. இரண்டு வாக்குமூலத்தையும் வரிக்கு வரி கலந்து ஒரே கதையாக்கினால் படிக்க விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் இருவரும் பட்ட தவிப்பு போய்விடும். மாற்றி மாற்றி வெட்டிய பிரதியில் பதற்றம் எனக்கு வந்துவிடுகிறது, அவர்களுக்கு இல்லை. உன் வாத்தியார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். எடிட்டர் பேசுவது அப்படித்தான் இருக்கும்.

அதற்காகப் போர்ட்டரை அப்படியே தூக்கி வைக்கவும் வேண்டாம். 1901-இலேயே இங்கிலாந்தின் ஹோவ் நகரில் ஜேம்ஸ் வில்லியம்சன் 'ஃபயர்!' என்று ஒரு படம் எடுத்துவிட்டார். அதில் வீரர் ஆளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைத் தாண்டும்போது வெட்டுகிறார். வெளியே அதே அசைவு தொடர்கிறது, ஒரு நொடிகூட இரண்டாம் தடவை வருவதில்லை. அதாவது, திரும்பக் காட்டாமல் தொடரும் வழியும் அப்போதே இருந்தது, இரண்டு தடவை காட்டும் வழியும் இருந்தது. முதலாமவர் யார் என்று பட்டம் கட்டுவதைவிட இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் உன் கட்டுரைக்கு எடை கூடும். கிராஸ் கட்டிங்கை வழக்கமாக்கிய பெருமையைச் சில வருஷம் கழித்து வந்த அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் பக்கம் எழுது.

இன்னொன்று. ஒரே செயலைத் திரும்பக் காட்டுவது பழங்காலப் பழக்கம், ஒழிந்துபோயிற்று என்று எழுதிவிடாதே. நம் ஹீரோ விடுகிற ஒரு உதையை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுகிறார்களே, அது என்னவாம்? தியேட்டரில் விசில் அடித்தவர்களில் நீயும் ஒருத்தி.

உன்னோடு வேலை பார்க்கும் சீனியரிடம் ஒரு கேள்வி கேட்டுச் சொல். அந்த உள் ஷாட்டும் வெளி ஷாட்டும் இன்று மேஜைக்கு வந்தால் எங்கே முதல் வெட்டு வைப்பார்? நான் வைத்தால், அந்தத் தாய் தெருவில் நின்று குழந்தைக்காகக் கெஞ்சுகிற இடத்தில் வெட்டவே மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா