மைக் பிடிக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்

அன்புள்ள அண்ணன்களே, அக்காக்களே,

அடியும் வசவுமாக இருந்த வீட்டில் வளர்ந்து, எப்படியோ தப்பித்துக் கரையேறி, இன்று பிள்ளைகள் முன்னால் நின்று பேசுகிற உங்களுக்குத்தான் இந்த மடல். நானும் உங்களில் ஒருவன். ஆறு வருடமாகப் பள்ளிகளிலும் குழந்தைகள் இல்லங்களிலும் என் கதையைச் சொல்லி வருகிறேன். "என்னால முடிஞ்சுது, உங்களாலயும் முடியும்" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். மனசு நிறைந்து வீட்டுக்குப் போவேன்.

போன வருடம் ஓர் இல்லத்தில் பேசி முடித்ததும் ஒரு பையன் எழுந்தான். பன்னிரண்டு வயது இருக்கும். கேட்பதற்காக யாரோ எழுதிக் கொடுத்திருந்த துண்டுத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "உங்களுக்கு யாருமே உதவி பண்ணலையா சார்?" என்று கேட்டான். "யாருமில்லப்பா, நானாத்தான் வந்தேன்" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான். அதன் பிறகு அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தனக்கு யாராவது வருவார்களா என்றுதான் அவன் கேட்டிருக்கிறான். யாரும் வரமாட்டார்கள் என்று நான் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் பொய்.

உண்மையில் நடந்தது இதுதான். எங்கள் அப்பா வேலை முடிந்து வந்ததும் வாசலில் ஷூவைக் கழற்றுவார். இரண்டையும் ஜோடியாக வைக்கும் சத்தம் கேட்டால் அன்றைக்குப் பிழைத்தோம். ஒன்று சுவரில் மோதி விழுந்தால், அண்ணன் என் முதுகில் கை வைத்துப் பின்பக்கமாகத் தள்ளுவான். அவன் என்னைவிட ஐந்து வயது பெரியவன். நான் ஓடுவதற்கு நேரம் வேண்டுமே, அதற்காக அறை வாசலை மறித்துக்கொண்டு நிற்பான். எனக்கு விழவேண்டிய அடி எத்தனை அவன்மேல் விழுந்தது என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

பின்பக்கத்து வீட்டில் ஓர் அத்தை இருந்தார். சொந்தம் இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அவர் தன் பின்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருப்பார். நான் போய் உட்கார்ந்தால் எதுவும் கேட்கமாட்டார். விளக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். வீட்டுப்பாடம் எழுதுவேன். அப்படியே ஏழு வருடம். ஒருநாள்கூட அந்தக் கதவு பூட்டி நான் பார்த்ததில்லை.

இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டுத்தான் ஆறு வருடம் மேடையில் பேசியிருக்கிறேன். உங்களில் பலரும் அப்படித்தான் பேசுகிறீர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் கதையைப் பொறுமையாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை, அவர்கள் நாற்பது வயதை எட்டும் வரைக்கும், எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் வறுமை, ஓயாத சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்கள். அந்தப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாக, அன்பான பெரியவராக வளர்ந்தார். அவர்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒன்று: நம்பிச் சாய்ந்துகொள்ள ஒரு பெரியவர். தாத்தா பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டாரோ. இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தாழ்ப்பாள் போடாத கதவுதான் கண்ணுக்குள் வந்தது.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. பதினெட்டு வயதில் தடம் மாறிப் போயிருந்தவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் திரும்பி வந்திருந்தார்கள். நல்ல துணை அமைந்தது, படிப்பைத் திரும்பத் தொடர முடிந்தது, ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ள முடிந்தது, இப்படிப் பல வழிகள். என் அண்ணன் பதினேழு வயதில் குடிக்க ஆரம்பித்தான். இப்போது அவனுக்கு 46. "முயற்சி செய்தால் யாரும் ஜெயிக்கலாம்" என்று நான் மைக்கில் சொல்லும்போதெல்லாம், முயற்சி பண்ணாதவன் என்று என் அண்ணனைத்தான் ஊர் முன்னால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரே வீடு, ஒரே அப்பா. ஓடுவதற்கு எனக்கு ஒரு கதவு இருந்தது. அவன் வாசலில் நின்றவன்.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், உங்கள் அத்தையையும் உங்கள் அண்ணனையும் மேடைக்குக் கொண்டு வாருங்கள். உங்களுக்கு அது ஒரு ஆசிரியராக இருக்கலாம், நூலகத்தில் ஒரு மூலையை உங்களுக்கென்று விட்டுவைத்தவராக இருக்கலாம். அவரைச் சொன்னால் உங்கள் உழைப்பு ஒரு இம்மிகூடக் குறையாது. கேட்கிற பிள்ளை யாரைத் தேடுவது என்று தெரிந்துகொள்வான். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கும் தான் என்ன செய்யலாம் என்று புரியும்.

இன்னொரு வாக்கியமும் மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. "எங்கப்பா அடிச்சு வளர்த்ததாலதான் நான் ஆளானேன்." தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யார் முதுகில் இன்று காலையில் விழுந்த அடி இன்னும் எரிகிறது என்று நமக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1990-களில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டார்கள். மூன்றில் இருவர் ஏதாவது ஒரு கசப்பான அனுபவத்தைச் சொன்னார்கள். அப்படியானால் எந்தக் கூட்டத்திலும் நம்மைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணித்தான் வாயைத் திறக்க வேண்டும். அடியைப் பற்றியும் தெளிவாகவே தெரிகிறது. 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு ஐம்பது வருட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, ஒரு லட்சத்து அறுபதாயிரம் குழந்தைகளைப் பற்றிய தகவல். கையால் சாதாரணமாகப் போடும் அடிகூட நன்மையோடு சேர்ந்து வரவில்லை, கெடுதலோடுதான் சேர்ந்து வந்தது. அடியாத மாடு படியாது என்பார்கள். பிள்ளை மாடு இல்லை. நாம் ஆளானது அடியையும் மீறித்தான்.

அப்புறம், இதை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது. என் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒருநாள், நான் மறுநாள் கொடுக்கவேண்டிய தாள்கள்மேல் மையைக் கொட்டிவிட்டான். நான் கத்தினேன். அடிக்கவில்லை, கை ஓங்கவும் இல்லை. ஆனால் அந்தக் குரல் என்னுடையது இல்லை, அப்பாவுடையது. மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். அவன் விரல் நுனியெல்லாம் மை.

"அப்பனைப் போலத்தானே பிள்ளை" என்று சின்ன வயதில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். குழந்தை பெற்றுக்கொள்ளவே பயந்தவன். 1987-இல் காஃப்மன், சிக்லர் என்ற இரு ஆய்வாளர்கள், சிறுவயதில் வதைபட்டவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளையும் வதைக்கிறார்கள் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். சுமார் முப்பது சதவீதம் என்றார்கள். பத்தில் ஏழு பேர் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கவில்லை. அந்த ஏழில் ஒருவனாக இருக்க, கத்தாத மனிதனாக மாற வேண்டும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கத்தி முடித்த பிறகு என்ன செய்வது என்று எனக்கு யாரும் காட்டவில்லை. எங்கள் வீட்டில் மன்னிப்பு என்ற சொல்லே புழங்கியதில்லை. மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காத மாதிரிதான் எல்லோரும் நடமாடுவோம்.

அன்று தரையில் மகனுக்கு எதிரே உட்கார்ந்தேன். "அப்பா கத்தினது தப்பு. மை கொட்டினது சின்ன விஷயம். உன்மேல தப்பு இல்ல" என்றேன். எத்தனையோ மேடையில் பேசியவனுக்கு அந்த மூன்று வரியைச் சொல்ல வாய் வரவில்லை, திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவன் மெல்லக் காதிலிருந்து கையை எடுத்தான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தரையைத் துடைத்தோம்.

இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. வாங்கிய பட்டத்தையும் பிடித்த வேலையையும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடிபட்டு வளரும் பிள்ளை, பட்டம் வாங்கிய பெரியவர்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிடுகிறான். கோபம் வந்த பிறகு திரும்பி வந்து தப்பை ஒப்புக்கொள்ளும் ஒரு பெரியவரைப் பார்ப்பதுதான் அவனுக்கு அபூர்வம். சொன்ன நேரத்துக்கு வருகிறவரைப் பார்ப்பதும் அபூர்வம்தான். நாம் வருடத்துக்கு ஐம்பது இடத்தில் பேசுவதற்குப் பதிலாக ஒரே ஓர் இடத்துக்கு வருடம் முழுக்கப் போனால் என்ன? புகைப்படம் எடுக்க அதில் ஒன்றும் இருக்காது. போய் உட்காரலாம், கணக்குச் சொல்லித்தரலாம், எதுவும் கேட்காமல் விளக்கைத் திருப்பி வைக்கலாம்.

நான் அந்த இல்லத்துக்குத் திரும்பப் போனேன். அந்தப் பையனைத் தேடிப் பிடித்து, "அன்னிக்கு உன்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு ரெண்டு பேர் இருந்தாங்க" என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்க அண்ணன் இப்ப எங்க சார்?" என்றான். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

அண்ணன் குடியை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. அதற்கு மேல் எதையும் இப்போதே சொல்ல நான் தயாராக இல்லை, அவனும் இல்லை. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இல்லத்துக்குப் போகிறேன். போன வாரம் நானும் வருகிறேன் என்று அவனும் கூட வந்தான். ஒன்றும் பேசவில்லை. பையன் கணக்குப் போடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவிக் கொடுத்தான்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்