எடை குறையும்வரை தள்ளிப்போடாதே

அன்புள்ள கண்ணுவுக்கு,

கொஞ்சம் எடையைக் குறைத்துவிட்டு அப்புறம் டாக்டரைப் பார்க்கிறேன் என்று ஃபோனில் சொன்னாயே, அது மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது, எப்போதும் அசதியாக இருக்கிறது என்கிறாய். இதற்கெல்லாம் எடை குறையட்டும் என்று காத்திருக்கக் கூடாதம்மா. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் சரி, சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தாலும் சரி, இந்த இரண்டு தொந்தரவும் வரலாம், எடையும் ஏறலாம். காரணம் என்ன என்று பார்க்காமல் எடையோடு மட்டும் மல்லுக்கட்டி என்ன பயன்?

அங்கே போனால் திட்டு விழும் என்ற உன் பயம் எனக்கும் தெரிந்ததுதான். முழங்கால் வலிக்காக நான் முதலில் பார்த்த டாக்டர், காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "முதலில் வெயிட்டைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வேலைக்கு லீவு போட்டு, வரிசையில் காத்திருந்து, ஃபீஸும் கட்டிவிட்டு, போன வலியோடே திரும்பினேன். எடை முழங்காலுக்குச் சுமைதான், நான் மறுக்கவில்லை. அதற்காக இன்றைய வலியை யாரும் பார்க்க வேண்டாமா? அடுத்துப் பார்த்தவர் மூட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார், தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். பிரஷர் பார்ப்பதற்குப் பெரிய பட்டையைத் தேடி எடுத்து வந்தார். கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் பிரஷர் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை தொடங்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்து, கையில் காசும் இருந்து, உள்ளே நம் உடம்புக்கு ஏற்ற கருவியும் காது கொடுத்துக் கேட்கும் ஆளும் இல்லையென்றால், அதை வைத்தியம் கிடைத்ததாக நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று கணக்கிடும் பிஎம்ஐ எண்ணைப் பார்த்து நீ கலங்குவதும் எனக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் கெட்லே என்ற பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர், மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியப் போட்ட கணக்கு அது. தனி ஒருவரின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அது சொல்லாது. அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். ஆசிய மக்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது, ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கிறது. இடுப்பளவு, ரத்தச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அதற்கும் டாக்டரிடம் போய்த்தானே ஆக வேண்டும்?

குறைத்த எடை திரும்ப ஏறிவிட்டது, எனக்கு மன உறுதி இல்லை என்று நீ அழுதது எனக்கு ரொம்ப வலித்தது. எடை குறைந்தால் கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசி கூடுகிறது, உடம்பு முன்பைவிடக் குறைவாகச் செலவழித்துச் சேமிக்கப் பார்க்கிறது. லெப்டினைக் கண்டுபிடித்ததே 1994இல்தான். அதற்கு முன்னால் எத்தனை பேர் உன்னைப் போலவே தங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்களோ!

பெரிதாகக் குறைத்தால்தான் பலன் என்றும் இல்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. 7 சதவீத எடைக் குறைப்பு, வாரத்துக்கு 150 நிமிட நடை, இவ்வளவுதான் இலக்கு. இந்த இலக்கோடு முயன்ற குழுவில், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட குழுவைவிடச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. கூடவே நின்று வழிகாட்ட ஆட்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதே.

பசியைக் குறைத்து எடையை இறக்கும் செமாகுளூட்டைடு ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை நான் தப்பாக நினைக்கவில்லை. பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பிவிடுகிறது, நீண்ட நாள் போட வேண்டியிருக்கும், அந்தச் செலவு எல்லோராலும் முடியாது. உனக்குப் பொருந்துமா என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும். இன்டர்நெட்டில் தெரியாத இடத்தில் மட்டும் வாங்கிவிடாதே.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உன் தொந்தரவுகளை எப்போதிலிருந்து என்ற விவரத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொள். சாப்பிடும் மருந்துகளையும் எழுது. ஸ்டீராய்டு, மனநலத்துக்கான சில மாத்திரைகள் எடையைக் கூட்டும், ஆனால் எதையும் நீயாக நிறுத்தாதே. எடை பார்க்கும்போது எண்ணைப் பார்க்க விருப்பமில்லை என்றால், திரும்பி நின்றுகொள்கிறேன் என்று சொல்லலாம். எடையைக் குறை என்று மட்டும் சொன்னால், "இதே தொந்தரவோடு ஒல்லியான ஒருவர் வந்தால் என்ன பரிசோதனை எழுதுவீர்கள்?" என்று மரியாதையாகக் கேள். அப்போதும் கேட்காவிட்டால் வேறு டாக்டரைப் பார்ப்போம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், நான் ஃபோனிலேயே கூட இருக்கிறேன்.

இந்த வாரமே நேரம் வாங்கிவிட்டு, என்றைக்கு என்று எனக்கு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
அம்மா