ஃபிட்ஸ் நின்றால் போதுமா? நரம்பியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நரம்பியல் ஓபி மருத்துவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வலிப்புநோய் உள்ள என் கணவரை ரிவ்யூவுக்கு அழைத்து வந்தேன். "ஃபிட்ஸ் வந்துச்சா?" "இல்லைங்க." "அதே மாத்திரையைப் போடுங்க." அவ்வளவுதான், சீட்டு கைக்கு வந்துவிட்டது. "சார், இவருக்குக் கவனமே நிற்க மாட்டேங்குது" என்று நான் ஆரம்பித்ததும், "ஃபிட்ஸ் இல்லையே, அப்புறம் என்னம்மா?" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார் மருத்துவர்.

அப்புறம் என்ன என்று சொல்கிறேன். மொத்த மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். மிளகாய் மூன்று மூட்டை, மல்லி இரண்டு, சீரகம் ஒன்று என்று முதலாளி அடுக்கினால், மல்லியோடு பேனா நின்றுவிடும். சீரகம் காதில் விழுந்திருக்கும், மனதில் தங்கியிருக்காது. திரும்பக் கேட்டால் திட்டு விழுமே என்று உள்ளங்கையில் குறித்துக்கொள்வார். அதுவும் வேர்வையில் அழிந்துவிடும். "காலையிலேயே போட்டுட்டு வர்றியா?" என்று கேட்டிருக்கிறார்கள், ஒரு சொட்டு மது தொடாத மனிதரை. இப்போது குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளமும் குறைந்துவிட்டது.

டோபிரமேட், பீனோபார்பிடோன் போன்ற வலிப்பு மாத்திரைகள் கவனத்தை மந்தமாக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். வலிப்பு வராத நாளிலும் மூளையின் மின் இயக்கம் தடுமாறலாம், தூக்கக் குறைவும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளலாம். இவருக்கு டோபிரமேட் அளவைக் கூட்டிய பிறகுதான் தடுமாற்றம் அதிகமானது. மருந்தா, நோயா என்று நீங்கள்தானே பார்த்துச் சொல்ல வேண்டும்? மாத்திரையை நாங்களாக நிறுத்தக் கூடாது என்கிறீர்கள், சரி. நிறுத்தவும் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் நேரமில்லை என்றால் நாங்கள் எங்கே போவது?

தயவுசெய்து ஒவ்வொரு ரிவ்யூவிலும் "கவனம், ஞாபகம் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். புதிதாக வலிப்பு கண்டறியப்படுகிறவர்களுக்கு கவனம், ஞாபகம் பற்றிய பரிசோதனை தேவை என்று சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகத்தின் நிபுணர் குழு 2015-லேயே சொல்லிவிட்டது.

நவம்பர் 17 தேசிய வலிப்புநோய் தினத்தில், கையில் இரும்பு கொடுக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். அவசியம்தான். ஆனால், வலிப்பு நின்ற பிறகும் வேலையில் திணறுகிறவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளிலும் வலிப்புநோய் தனியாக இல்லை. முதலாளியிடம் காட்ட எங்களிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

ஓபி கூட்டம் எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். கேளுங்கள், பதிலை நோட்டில் எழுதுங்கள், தேவைப்பட்டால் மருந்தை மாற்றிப் பாருங்கள். இது சோம்பல் அல்ல என்று முதலாளிக்கு இரண்டு வரி எழுதித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மனைவி