சீட்டுப் பணமும் காரிக் காளையும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி உங்கம்மா போன் பண்ணியது. சீட்டு எடுத்த 3 லட்சத்தையும் நீ கேட்கும் புதுக் கேமராவுக்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டது. "பையன் ஆசைப்படறான், நீ சொன்னாச் சரி" என்றது. நான் சரி சொல்லவில்லை. காரணத்தை உனக்கே எழுதுகிறேன்.

காங்கேயம் பக்கம் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தாயே, திரும்பத் திரும்பப் பார்த்தேன். கறுப்பான காரிக் காளை சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது, வானம் வெளுத்துக் கிடக்கிறது. "கேமரா பழசு மாமா, இதுக்கு மேல வராது" என்று எழுதியிருந்தாய். வரும் கண்ணு. கேமராவுக்குள் வெளிச்சம் அளக்கும் மீட்டர் தன் முன்னால் நிற்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கும். படம் நிறையக் கறுப்பு மாடு நின்றால், இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளைப் பசு நின்றால் குறைத்துவிடும். காரிக்கு ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்துப் பார், வெள்ளைக்கு ஒரு ஸ்டாப் கூட்டிப் பார். புதுக் கேமராக்கள் இதைக் கொஞ்சம் சாமர்த்தியமாகச் செய்யும். ஆனாலும் அந்தத் திமிலின் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்பது மாட்டைப் பார்த்து நின்றவனுக்குத்தான் தெரியும்.

நேரமும் தப்பு. பதினோரு மணி வெயில் உச்சியில் விழுந்து மாட்டைத் தட்டையாக்கிவிடுகிறது. காலை ஆறரைக்கு அதே வெயில் கிளுவை வேலியைத் தாண்டிச் சாய்வாக வரும். கொழுக்கட்டைப் புல்லின் பூ மினுங்கும், காளையின் கழுத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அந்த வெளிச்சத்துக்குக் காசு கிடையாது.

நான் படம் எடுக்கப் படித்தது பழைய பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவில், ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ். ஃபிலிம் ரோலுக்கு 36 படம். சுள்ளென்ற வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16 (எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்), ஐஎஸ்ஓ 100 வேக ஃபிலிமுக்கு ஷட்டர் திறந்திருப்பது 1/125 நொடி. இந்தக் கணக்கு மீட்டர் செத்துப்போன நாளிலும் சோறு போட்டது. காட்டு உயிர்களைப் படமெடுத்த நம் தமிழ்நாட்டு மா. கிருஷ்ணன் (1912–1996) வேறு வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட ஒன்றை வைத்துத்தான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். யானை அடுத்து என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் எடுக்கும் கல்யாணப் படமும் அப்படித்தான். 2009இல் தாராபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கடன் வாங்கி எடுத்த பெரிய ஜூம் லென்ஸோடு போனேன். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை செய்யும் இணைச்சீர் நடக்கும்போது அதை மாட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மாப்பிள்ளையின் அக்கா கண்ணைத் துடைத்து முடித்துவிட்டது. திரும்ப அழச் சொல்ல முடியுமா? அந்த ஆல்பத்தில் அந்தப் படம் இல்லை, இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. இப்போதெல்லாம் மண்டபத்துக்குள் போனதும் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரரிடம் எந்தச் சீர் எங்கே, யார் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறக்கிறேன்.

கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தை 50 எம்எம்மில் எடுத்தால் புள்ளிதான் வரும், அங்கே நீள லென்ஸ் வேண்டும். அதைக் கோயம்புத்தூரில் நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். விடியற்காலை முகூர்த்தத்துக்கு, மங்கலான மண்டபத்துக்கு, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள். உன்னிடம் இருக்கும், கேமராவோடு வந்த கிட் லென்ஸ் ஜூம் பண்ணினால் எஃப் 5.6. அதைவிட இது ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். விலையும் உன் 3 லட்சத்தில் ஒரு மூலைக்குக் காணாது. அதை நானே வாங்கித் தருகிறேன்.

சீட்டுப் பணம் உங்கம்மாவிடமே இருக்கட்டும். பால் ஊற்றி ஊற்றிக் கட்டின பணம் அது. ஒரு வருஷம் கழித்து, இந்தக் கேமராவால் இன்ன படம் எடுக்க முடியவில்லை என்று நீ விரல் வைத்துக் காட்டினால், நானே கூட வந்து வாங்கித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்துவிடு. ஆறு மணிக்குக் கட்டுத்தரையிலிருந்து காரியை அவிழ்ப்பார்கள். அன்றைக்கு உனக்கு 36 படம்தான், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது.

அன்புடன்,
மாமா