அண்ணன் செய்த அரிவாள்மனை

கடலூர் முதுநகர்

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். உன் பல்வலி போனதா, இன்னும் கிராம்பை வைத்தே காலம் தள்ளுகிறாயா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

லேத் பட்டறை அண்ணன் ஒரு அரிவாள்மனை செய்திருக்கிறார். பலகையில் காலை வைத்து அழுத்தினால்தான் அரிவாள் வெளியே தெரியும். காலை எடுத்தால் ஸ்பிரிங் ஒரு தகட்டு மூடியைக் கொண்டுவந்து வாயை மூடிவிடும். நேற்று அக்கா அதில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். யாரோ கூப்பிட எழுந்தாள், டக்கென்று மூடிக்கொண்டது. தவழ்கிற பேரன் பக்கத்திலேயே இருந்தான். பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்ளே.

தகர டப்பாவுக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை வாங்கியது 1810இல். அதைத் திறக்கும் கருவிக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் வாங்கியது 1858இல். அதுவரை பெரும்பாலும் உளியும் சுத்தியலும்தான். நாமும் எத்தனை தலைமுறையாக விரலை அறுத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறோம்!

இப்போது என் கவலை. மஞ்சக்குப்பத்தில் நடக்கப்போகிற பொருட்காட்சியில் இதை வைக்கப் போகிறாராம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குக் காட்டிவிட்டால் புதுமை போச்சு, காப்புரிமை கிடைக்காது. அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிக்கு மட்டும் சட்டத்தில் சலுகை உண்டு, இது அந்த வகை இல்லை. கேட்டால், "ஊருக்குப் பயன்படட்டுமேடா" என்கிறார். அவர் தேங்காய் துருவிக்குச் செய்த பிடியை ஒருத்தர் அப்படியே எடுத்து விற்றாரே, ஒரு பைசா வந்ததா? அந்த வருஷம்தான் மகள் படிப்புக்குப் பட்டறையை அடகு வைத்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பு இன்னதென்று சொல்லும் முதல்கட்ட விண்ணப்பம் போட்டால் போதும். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும். காப்புரிமை கிடைத்துவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் உரிமை அவருக்கு.

சிக்கல் எழுதுவதில்தான். தெரிந்த சாமான்களைச் சும்மா மாற்றி அடுக்குவது கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970ஆம் வருஷத்துச் சட்டம், 3ஆம் பிரிவில் சொல்கிறது. அரிவாள்மனையும் பழசு, ஸ்பிரிங்கும் பழசு. காலின் எடை அந்த மூடியை எப்படி இழுத்துப் பிடிக்கிறது, அதில்தான் அண்ணனின் மூளை இருக்கிறது. அதைப் படமாகப் போட்டுக் காட்ட உன்னை விட்டால் ஆள் கிடையாது. அப்புறம், என் பேச்சைத்தான் தட்டுவார், உன் பேச்சைத் தட்ட மாட்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடு. சனிக்கிழமை காலையில் பட்டறையிலேயே அளவெடுத்துவிடலாம். அதுவரை பட்டறைச் சாவி என்னிடம்தான் இருக்கும், அண்ணியிடம் சொல்லி வாங்கி வைத்துவிட்டேன்.

உன்
பங்காளி