துண்டு எடுக்கச் சம்மதிக்காதே

குன்னூர்
ஞாயிறு இரவு

கண்ணு,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

பெரியவன் மூக்கில் சதை இருக்கிறது, புதன்கிழமை துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவார்கள் என்றாய். ஸ்கேன் எடுத்தாச்சா என்றேன். "அப்புறம் பேசுறேம்மா" என்றாய்.

ஸ்கேன் பார்க்காமல் துண்டு எடுக்கச் சம்மதிக்காதே. பதினாலு வயசுப் பையன், ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, வலியில்லாமல் அதே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தம். இதைக் கேட்டதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆஞ்சியோஃபைப்ரோமா என்கிற கட்டி. கேன்சர் இல்லை, பயப்படாதே. ஆனால் உள்ளே பூரா ரத்தக்குழாய். அந்தக் குழாய்ச் சுவரில் சுருங்குகிற தசை சரியாக இருக்காது, அதனால் கிள்ளினால் ரத்தம் லேசில் நிற்காது. ஓ.பி. நாற்காலியில் உட்கார வைத்து எடுக்கிற சமாச்சாரமே இல்லை. பாலிப், அதாவது சாதாரண மூக்குச் சதை என்றால் உரித்த திராட்சை மாதிரி வெளிறியிருக்கும். இது சிவந்து வழவழவென்று இருக்கும். ஆனாலும் கண்ணை மட்டும் நம்பக் கூடாது.

கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தக்குழாயில் போட்டு சி.டி., கூடவே எம்.ஆர்.ஐ. கேள். கன்னத்து சைனஸின் பின்சுவர் முன்னால் வளைந்திருக்கிறதா என்று சி.டி.யில் தெரியும். கண் பக்கம், மூளைப் பக்கம் எட்டியிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. சொல்லும். பெரும்பாலும் படமே போதும், துண்டு வேண்டியதில்லை.

அதுதான் என்றால், ஆபரேஷனுக்கு 24 முதல் 72 மணி நேரம் முன்னால் தொடை வழியாக டியூப் விட்டு, கட்டிக்கு ரத்தம் போகிற குழாயை அடைப்பார்கள். நாள் கடந்தால் பக்கத்துக் குழாய்கள் ஊட்ட ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பிலேயே எடுத்துவிடலாம், முகத்தில் தழும்பு வராது. ரத்தம் ரிசர்வ் செய்திருக்கிறார்களா, மூக்குக்குப் பின்னால் இருக்கிற ஸ்ஃபீனாய்டு எலும்பின் அடியில் டிரில் போட்டுச் சுத்தம் செய்வார்களா என்று கேள். அங்கே ஒளிந்த மிச்சம்தான் திரும்ப வளரும். அதனால் பிறகும் சில வருஷம் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். வகுப்பில் வாத்தியாரையே கேள்வி கேட்டு மடக்கியவள் நீ. டாக்டர் முன்னால் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

அதுவரை ரத்தம் வந்தால் உங்கத்தை மாதிரி தலையை அண்ணாக்க வைக்காதே. முன்னால் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பாகத்தைப் பத்து நிமிஷம் விடாமல் பிடி. நடுவில் விட்டு விட்டுப் பார்க்காதே. நிற்காவிட்டால் நேரே எமர்ஜென்சி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

பொங்கலுக்கு வந்தபோது தலையணை உறையில் கறையைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டேதான் தூங்கினான். உறைபனிக் காலம், காற்று வறட்சி என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். முப்பது வருஷம் இ.என்.டி. தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுத்தவள், ஒரு டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி மேட்டுப்பாளையம் வழியாக வந்துவிடுகிறேன். நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. ஸ்கேனுக்கு முன்னால் துண்டு வேண்டாம்.

வலதா இடதா, அதை மட்டும் இப்போதே அனுப்பு சாமி.

அம்மா